சிறுத்தும் குறையாத விலை

வீடியோ விளையாட்டுப் பொறி வேண்டுமென்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "இரண்டு மூன்று வருடம் போகட்டும், விலை இறங்கும், பிறகு பார்க்கலாம்." இது வெறும் சாக்கு அன்று, நெடுநாள் உண்மையாக இருந்த கணக்கு. அக்கணக்கு இன்றும் சரிதானா என்பதை ஜப்பானின் சோனி நிறுவனம் செய்யும் பிளேஸ்டேஷன் பொறிகளைக் கொண்டு ஆராய்வோம். இங்கே வரும் விலைகள் அமெரிக்கச் சந்தைக்குரியவை. சில்லறையைச் சேர்த்து முழுத் தொகையாக எழுதுகிறோம்.

ஒரு தலைமுறைப் பொறி பல ஆண்டுகள் கடைகளில் இருக்கும். அதன் நடுவயதில் நிறுவனம் அதே பொறியை மெலியச் செய்து மீண்டும் வெளியிடுவது வழக்கம். 2000ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 2-இன் விலை 300 டாலர். 2004இல் வந்த மெலிந்த வடிவத்துக்கு 150 டாலர். பிளேஸ்டேஷன் 3, 2006 நவம்பரில் 500, 600 டாலர் என இரு வகையாக வந்தது. அவ்வளவு விலை வைத்தும் சோனிக்கு நட்டமே! பிறகு ஏன் விற்கவேண்டும்? பொறியில் விட்டதை விளையாட்டுகளின் விற்பனையில் பிடித்துவிடலாம் என்பதால்தான். 2009 செப்டம்பரில் வந்த மெலிந்த பொறி 300 டாலர். பருமன், எடை, மின்செலவு ஆகிய மூன்றும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காயின.

இது எப்படி முடிந்தது? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மைதா மாவை வட்டமாகத் தேய்த்து, கத்தியால் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டுகிறோம் அல்லவா? துண்டு சிறிதானால் எண்ணிக்கை கூடும். ஓரத்தில் வீணாவதும் குறையும். மாவில் ஓரிடத்தில் கல் கிடந்தால் ஒரு சிறு துண்டோடு போகும். பொறியின் மூளையான சில்லுகளும் சிலிக்கன் என்னும் பொருளாலான வட்டத்தகட்டிலிருந்தே வெட்டப்படுகின்றன. பிளேஸ்டேஷன் 3-இன் முதற்சில்லு 90 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது; மெலிந்த பொறியில் 45. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. சில்லு சுருங்கவே சூடு தணிந்தது. விசிறி, மின்வழங்கி, பெட்டி எல்லாமே சிறியதாயின. மலிவின் இரகசியம் இதுவே.

இனி பிளேஸ்டேஷன் 5-க்கு வருவோம். 2020 நவம்பரில் டிஸ்க் போடும் வகை 500 டாலர். டிஸ்க் இல்லாத வகை 400. 2023 நவம்பரில் மெலிந்த வடிவம் வந்தது. பருமன் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. விலையோ? டிஸ்க் வகை அதே 500. மற்றது 450 ஆக ஏறியது! சேமிப்பிடத்தைச் சற்றுக் கூட்டினார்கள் என்பது மெய்தான். ஆனால் முன்பு பெட்டியோடு வந்த நிறுத்துதாங்கிக்குத் தனியே 30 டாலர் கேட்டார்கள்.

முதற்காரணம் மாவு வட்டத்திலேயே இருக்கிறது. சில்லு 7 நானோமீட்டரிலிருந்து 6-க்கு மாறியது. 90-இலிருந்து 45 எங்கே, இது எங்கே? மேலும் நுண்ணிய முறைக்குப் போகப் போக வட்டத்தகட்டின் விலையே ஏறுகிறது. துண்டுகள் கூடினாலும் மாவு விலை அதைத் தின்றுவிடுகிறது.

2024 நவம்பரில் வந்த வலிமை மிக்க 'ப்ரோ' வகை 700 டாலர். அதில் டிஸ்க் செலுத்தி கிடையாது. அது 80 டாலர், தாங்கி 30. கூட்டினால் 810! விலைச்சீட்டைப் படிப்பதோடு, பெட்டியில் என்ன இல்லை என்பதையும் படிக்க வேண்டியிருக்கிறது. டிஸ்க் இருந்தால் தோழியிடம் இரவல் வாங்கலாம், பழையதை விற்கலாம், கடைக்குக் கடை விலை கேட்கலாம். டிஸ்க் இல்லாவிட்டால் நிறுவனத்தின் இணையக் கடை ஒன்றுதான் கதி. எனவே மலிவான வகை நாளடைவில் மலிவாயிருக்கும் என்பது நிச்சயமில்லை. எங்களுக்கு இது விலையேற்றத்தைவிடப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

2025 ஆகஸ்டில் பொருளாதாரச் சூழலைக் காரணம் காட்டி அமெரிக்காவில் எல்லா வகைக்கும் 50 டாலர் ஏற்றினார்கள். விலை இறங்கட்டும் என்று 2020 முதல் காத்திருந்த ஓர் அமெரிக்கத் தந்தை, இடையில் பண்டிகைத் தள்ளுபடி எதையும் பிடிக்காதிருந்தால், 500 டாலர் டிஸ்க் வகைக்கு அப்போது 550 எண்ணி வைக்க வேண்டியதாயிற்று.