வேகமும் உயரமும்

பி.பி.சி.யின் ‘டாப் கியர்’ மோட்டார் வண்டிகளைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி. 1977-இல் தோன்றி, 2002-இல் புது வடிவம் பெற்றது. அதன் ஒன்பதாம் தொடர் 2007 ஜனவரி 28-இல் ஆரம்பமாயிற்று. பலர் அதை வேடிக்கைக்காகப் பார்த்தனர். பௌதிகம் பயிலும் எனக்கோ அதில் ஒரு பாடம் தென்படுகிறது. நண்பர்களே, அதை இங்கே சற்று ஆராய்வோம்.

முதல் நிகழ்ச்சியிலேயே ஒரு விபத்தின் படம் காட்டப்பட்டது. 2006 செப்டம்பர் 20-இல், யார்க் நகருக்கு அருகிலுள்ள எல்விங்டன் விமானத்தளத்தில், நிகழ்ச்சியை அப்போது நடத்திய மூவருள் ஒருவரான ரிச்சர்ட் ஹாமண்ட் ‘வாம்பயர்’ என்னும் ஜெட் வண்டியை ஓட்டினார். முன்புற வலது டயர் சிதைந்தது. அப்போது வேகம் மணிக்கு 288 மைல். ஏறக்குறைய 463 கிலோமீட்டர். வண்டி ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் உருண்டது. மூளையில் பலத்த காயமுற்ற ஹாமண்ட் உயிர் தப்பினார். நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் மேடையேறினார்.

இனிக் கணக்கிடுவோம். அவ்வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 129 மீட்டர் ஓடும். ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்தைவிட அது மிகுதி. சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் எனக் கொண்டால், விளிம்பிலுள்ள ஒரு கிராம் ரப்பரைப் பிடித்து வைக்க ஐந்தரைக் கிலோ எடைக்கு மேற்பட்ட விசை வேண்டும். டயரில் சிறு பழுது இருந்தாலும் அது பேராபத்தாவதன் காரணம் இதுவே.

வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். இதை உயரமாக மாற்றிப் பார்த்தால் எளிதில் விளங்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர், 14 மீட்டருக்குச் சமம். 90 கிலோமீட்டர், 32 மீட்டருக்குச் சமம். ஹாமண்டின் வேகமோ 800 மீட்டருக்கும் மேல்!

அப்படியாயின் அவர் பிழைத்தது எங்ஙனம்? வண்டி ஒரு சுவரில் மோதி உடனே நிற்கவில்லை. நெடுந்தூரம் உருண்டு தன் ஆற்றலைச் சிறிது சிறிதாக இழந்தது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால் சராசரி விசை பத்தில் ஒன்றாகக் குறையும். இரும்புக் கூண்டும், உடலைப் பிணைத்த பட்டைகளும், தலைக்கவசமும் எஞ்சியதைத் தாங்கின. தலைக்கவசத்தின் உள்ளேயுள்ள மென்பொருள் நசுங்கும் அந்த இரண்டொரு சென்டிமீட்டரே தலைக்குக் கிடைக்கும் ‘நிற்கும் தூரம்’. கவசமில்லாத தலைக்கு அதுவும் கிடையாது.

ஊரை விட்டு, பெற்றோரை விட்டு இங்கே பயில வந்துள்ள நம்முள் பலர் இரவல் மோட்டார் சைக்கிளில் வெறுந்தலையோடு செல்வதை நாள்தோறும் காண்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தை அவர்கள் வேகமென்றே எண்ணுவதில்லை. விடுதியின் நான்காம் மாடி விளிம்பில் நிற்கச் சொன்னால் அவர்களுக்குக் கால் நடுங்கும். உயரம் கண்ணுக்குத் தெரிகிறது; வேகத்தின் உயரம் தெரிவதில்லை. தெரியாததைக் காட்டுவதற்கன்றோ கணக்கு இருக்கிறது! சாவியைத் திருகுமுன் அந்த 14 மீட்டரை ஒருமுறை நினையுங்கள். பிறகு கவசத்தை எடுத்து அணியுங்கள்.