ஃபியூஸ் பெட்டியை யாரிடம் கொடுத்து மாற்றுவது?

இங்கிலாந்தில் வீட்டு ஃபியூஸ் பெட்டியை மாற்ற மூன்று பேரிடம் விலை கேட்டால் மூன்று தொகை வரும். சில வேளை ஒன்று மற்றதில் பாதியாகக்கூட இருக்கும். பெட்டியின் விலையில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது. மலிவான விலையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இரண்டு: பல மணி நேரம் பிடிக்கும் சோதனையும், கவுன்சிலுக்குப் போகவேண்டிய அறிவிப்பும். ஆகவே எந்தப் பெட்டி என்று யோசிக்குமுன் யார் மாற்றுவார், யார் சோதிப்பார், யார் கையெழுத்திடுவார் என்பதை முடிவு செய்யுங்கள்.

கட்டட விதிகளில் வீட்டு மின்வேலைகளுக்கான 'பார்ட் பி' (Part P) 2005 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2013இல் பல சிறு மின்வேலைகளுக்கு அறிவிப்புத் தேவையில்லை என்று தளர்த்தினார்கள். ஃபியூஸ் பெட்டியை, அதாவது கன்ஸ்யூமர் யூனிட்டை, மாற்றுவது அந்தத் தளர்வில் சேரவில்லை. இன்றும் அது அறிவித்தே செய்யவேண்டிய வேலை. ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு.

என்.ஐ.சி.ஈ.ஐ.சி., நாப்பிட் போன்ற திட்டங்களில் பதிவான எலெக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நேரான வழி. அவரே மாற்றி, சோதித்து, சான்றளித்து, தன் திட்டத்தின் மூலம் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிடுவார். நீங்கள் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வேனில் ஒட்டியிருக்கும் சின்னத்தை மட்டும் நம்பவேண்டாம். பதிவு காலாவதியாகியிருக்கலாம், அல்லது அது வேறொருவருடையதாக இருக்கலாம். திட்டத்தின் இணையப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்பது இன்னொன்று: "எங்கட பெடியன் ஒருத்தன் இருக்கிறான், நல்லாச் செய்வான்." அவர் உண்மையிலேயே நன்றாகச் செய்யக்கூடும். ஆனால் எந்தத் திட்டத்திலும் பதிவில்லை என்றால் சட்டப்படி இரண்டு வழிதான். வேலை தொடங்குமுன் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறிவித்துக் கட்டணம் கட்டலாம். அல்லது மூன்றாம் தரப்புச் சான்றாளர் ஒருவரை முன்கூட்டியே நியமித்து, அவர் வந்து பார்த்துச் சோதித்து அறிக்கை தரும்படி செய்யலாம். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பாதி விலை என்பது பெரும்பாலும் பாதியாக நிற்பதில்லை. "முதலில் மாட்டிவிடுவோம், பிறகு யாரையாவது பிடித்துக் கையெழுத்து வாங்குவோம்" என்பது இந்த இரண்டு வழிகளிலும் சேராது. தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்திட ஒருவர் முன்வந்தால் அவரிடமிருந்து ஒதுங்குங்கள்.

அறிவிக்காமல் ஏற்கெனவே மாற்றிவிட்ட வீட்டுக்கும் வழி உண்டு. கவுன்சிலிடம் முறைப்படுத்தும் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் கட்டணம் உண்டு, அதற்கும் சோதனை வேண்டும்.

இனிப் பெட்டி. 2016 சனவரி முதல் வீடுகளில் புதிதாக வைக்கும் பெட்டியின் உறை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்கவேண்டும். நடைமுறையில் அது இரும்புத் தகடு. தளர்ந்த இணைப்பு சூடேறி, பிளாஸ்டிக் உறை பற்றி எரிந்த தீவிபத்துகளே காரணம். பல வீடுகளில் பெட்டி இருப்பது மாடிப்படிக்குக் கீழே, தூங்குகிறவர்கள் தப்பி வரவேண்டிய அதே பாதையில். ஆனால் உறை தீயை அடக்குமே தவிர, தளர்ந்த திருகை இறுக்காது. உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்க்ரூட்ரைவரால் முடுக்குவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். பழைய பிளாஸ்டிக் பெட்டி வைத்திருப்பவர்கள் அந்த ஒரு காரணத்துக்காக உடனே மாற்றியாக வேண்டும் என்ற விதி கிடையாது.

உள்ளே வைப்பதில் இரண்டு தேர்வுகள். விலை குறைந்தது, மின்கசிவைக் கண்டால் மின்னைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவிகள் இரண்டுக்குள் எல்லாச் சுற்றுகளையும் பிரித்து வைப்பது. மற்றது, ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.டி.யும் பிரேக்கரும் ஒன்றாகச் சேர்ந்த கருவி) கொடுப்பது. முதலாவதில் கெட்டிலில் பழுது வந்தால் அதே ஆர்.சி.டி.யில் இருக்கும் ஃப்ரிட்ஜும் மாடி விளக்கும் சேர்ந்தே நின்றுபோகும். இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி, வாஷிங் மெஷின் போன்றவை பழுதில்லாதபோதும் கொஞ்சம் மின்னைக் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. ஒன்றில் இந்த வழக்கமான கசிவு மொத்தமாக 9 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்பது பி.எஸ். 7671 தரத்தின் கணக்கு. இன்றைய வீட்டில் ஐந்தாறு சுற்றுகளை ஒன்றில் கட்டினால் அந்த எல்லை சீக்கிரம் நெருங்கிவிடும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் நள்ளிரவில் காரணமின்றி இருள் சூழ்வதும் ஆபத்துதான். பணம் இடம் கொடுத்தால் ஆர்.சி.பி.ஓ.வையே தேர்ந்தெடுங்கள் என்பேன். எதை வைத்தாலும் 'டைப் ஏ' என்று கேட்டு வாங்குங்கள். பழைய 'டைப் ஏசி' கருவி, மின்னணுப் பொருள்களிலிருந்து வரும் நேர்மின் கலப்பால் செயலிழந்து நிற்கக்கூடும்.

மாற்றுவதற்கு முன்பே பழைய வயரிங்கைச் சோதிக்கச் சொல்வது மிக முக்கியம். மாடி விளக்கும் கீழ் விளக்கும் ஒரே நியூட்ரலைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். பழைய பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. புதியது மாட்டிய அன்றே மின்னைத் துண்டித்துவிடும். மாலை ஆறு மணிக்கு வீடு இருண்டு கிடக்க, கூடுதல் பணத்துக்குப் பேரம் பேசும் நிலை உங்களுக்கு வேண்டாம். எரிவாயு, தண்ணீர்க் குழாய்களுக்கான எர்த் இணைப்பு சரியான தடிமனில் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் உங்கள் கைக்கு வரவேண்டியது மின் நிறுவல் சான்றிதழ். சிறு வேலைச் சான்றிதழ் இதற்குப் போதாது. வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் நிலை அறிக்கையும் இதற்கு ஈடல்ல. சான்றிதழுடன் வரும் சோதனை அட்டவணையைப் பிரித்துப் பாருங்கள். எல்லாச் சுற்றுக்கும் ஒரே அளவு எழுதியிருந்தால் மீட்டர் பையைவிட்டு வெளியே வரவில்லை என்று சந்தேகப்படலாம். வழக்கமான 2.5 சதுர மில்லிமீட்டர் ரிங் வயரில் எர்த் கம்பி 1.5 மட்டுமே. ஆகவே அதன் மின்தடை லைவ், நியூட்ரல் கம்பிகளின் மின்தடையைப்போல் ஏறத்தாழ 1.67 மடங்கு இருக்கவேண்டும். மூன்று இடத்திலும் ஒரே எண் இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

இன்னொரு தாள், கட்டட விதிகளுக்கு இணங்கியதற்கான சான்று. அது வேலை முடிந்து 30 நாளுக்குள் வரவேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பது இதைத்தான். முப்பது நாள் கடந்தும் வராவிட்டால் எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேளுங்கள். மழுப்பினால் அவர் பதிவு செய்திருக்கும் திட்டத்தை நேரே அழைத்து, உங்கள் முகவரிக்கு அறிவிப்பு பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.