நாள்பட வைத்திருந்தால் நட்டமில்லையா?

நம்பிக்கை: காணியோ பங்கோ, இருபது வருடம் கை வைக்காமல் விட்டால் நட்டம் வராது.

உண்மை: கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூரில் வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளில் முதலில் சொல்லப்படும் புத்திமதி இது. 1969இல் பொருளியலாளர்களான போல் சாமுவேல்சனும் ரொபேர்ட் மேர்ட்டனும் தனித்தனிக் கட்டுரைகளில் இதைக் கணக்கிட்டார்கள். ஏறி இறங்கும் முதலீட்டில் சொத்தின் எத்தனை பங்கைப் போடலாம்? பத்திரமான வருமானத்துக்கு மேல் அது சராசரியாகத் தரும் இலாபத்தை, ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தாலும் நட்டத்துக்கு நாம் அஞ்சும் அளவாலும் வகுக்க வேண்டும். மேலதிக இலாபம் 6 வீதம், ஏற்ற இறக்கம் 20 வீதம், அச்ச அளவு 3 என்றால் விடை சரிபாதி. ஏற்ற இறக்கம் 40 வீதமானால் எட்டில் ஒன்றுதான். இலாப வாய்ப்புகள் மாறாதிருக்கும்வரை, இந்தச் சூத்திரத்தில் வருடக் கணக்குக்கு இடமே இல்லை. காலம் நீண்டால் நட்டம் வரும் வாய்ப்புக் குறையலாம். வந்தால் எவ்வளவு பெரிதாக வரும் என்பதோ வளர்ந்துகொண்டே போகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கரையோரத்தில் கடல் கொண்டுபோன வீடுகளிலும் வளவுகளிலும் தலைமுறைகளாகக் கைமாறாமல் இருந்தவை எத்தனை!

இளையவர் கூடுதல் ஆபத்தைத் தாங்கலாம் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் காரணம் வயதல்ல, இனி வரப்போகும் உழைப்பு. மருதமுனை ஆசிரியைக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் ஓரளவு நிலையானவை; அவர் துணியலாம். சம்மாந்துறை வயற்காரரின் வருமானமே மழையிலும் நெல் விலையிலும் தொங்குகிறது. அவர் மிச்சக் காசையும் இன்னொரு வயலில் போட்டால் ஒரே வெள்ளம் இரண்டையும் அழிக்கும்.

நம்பிக்கை: வட்டி எடுக்காதவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

உண்மை: உதவும். வட்டிக் கணக்கை ஒதுக்கியபின் ஆபத்தில்லாத சொத்து ஒன்றுமே இல்லாவிட்டாலும், இருப்பவற்றுக்குள் எப்படிப் பிரிப்பதென்று கணக்கிட முடியும். வட்டிக் கணக்குப் பத்திரமானது என்பதும் ரூபாய் எண்ணிக்கையில் மட்டுமே: 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம்.

நம்பிக்கை: செலவு வேறு, முதலீடு வேறு.

உண்மை: மேர்ட்டன் இரண்டையும் ஒரே கணக்கில்தான் தீர்த்தார். செலவு சொத்தின் ஒரு பங்கு. சொத்துச் சுருங்கினால் செலவும் சுருங்க வேண்டும். சுருக்கவே முடியாத செலவு இருந்தால்? மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே ஆக வேண்டிய பெற்றோர் இங்கே ஏராளம். அந்தத் தொகையைக் கூடியவரை பத்திரமான இடத்தில் முதலில் ஒதுக்க வேண்டும்; மேலே சொன்ன பங்கு, மீதமுள்ள சொத்துக்கு மட்டும்தான்.