டெண்டர் அறிவிப்பு: கடைச் சொல்லும் காரியாலயச் சொல்லும்

அரசு மருத்துவமனையில் உள்நோயாளிகளுக்குச் சமைக்கும் சாம்பாருக்கும், சிறைச்சாலைச் சமையற்கூடத்துக்கும், பயிற்சி மையங்களின் உணவு விடுதிக்கும் துவரம் பருப்பும் எண்ணெயும் மிளகாயும் நாள் தவறாமல் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. யாரோ ஒரு வியாபாரி அவற்றைக் கொடுக்கிறார். அந்த வியாபாரி ஏன் நமது சங்கத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது? இந்தக் கேள்வியைப் போட்டால் பெரும்பாலான அன்பர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "டெண்டர் வந்ததே எங்களுக்குத் தெரியாது."

இன்று அறிவிப்புகள் கணினித் தளத்தில், காசு வாங்காமல், எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. மாநில அரசுத் துறைகளின் அறிவிப்புகளை டிஎன்டெண்டர்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் என்ற முகவரியில் பார்க்கலாம். மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஈப்ரொக்யூர் டாட் ஜிஓவி டாட் இன். இரண்டையும் நடத்துவது தேசிய தகவல் மையத்தின் ஒரே மென்பொருள்தான். ஆகவே ஒன்றைப் பழகிக்கொண்டால் மற்றொன்று தானே வந்துவிடும். அறிவிப்பைப் பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் பதிவு எதுவும் தேவையில்லை. விலைப்புள்ளி போடும்போதுதான் பதிவும், டிஜிட்டல் கையெழுத்துச் சான்றும் வேண்டும்.

தேடிப் பார்த்தவர்களும் நம்மில் உண்டு. "பருப்பு என்று தேடினோம், ஒன்றுமே இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். கோளாறு தேடும் சொல்லில் இருக்கிறது. முகப்பில் உள்ள தேடும் கட்டம் டெண்டரின் எண்ணையும், அலுவலகக் குறிப்பு எண்ணையும், தலைப்பையும் மட்டுமே பார்க்கும். உள்ளே இணைத்திருக்கும் இருபது பக்கப் பட்டியலை அது புரட்டிப் பார்ப்பதில்லை. பட்டியலில் துவரம் பருப்பு, உளுந்து, புளி, கடுகு எல்லாம் வரிசையாக இருக்கும். தலைப்பிலோ ஒரே ஒரு பொதுச்சொல்தான் இருக்கும். அந்தப் பொதுச்சொல்லை அறிந்தவருக்கே அறிவிப்பு கண்ணில் படும்.

காரியாலயத்தில் நமது சரக்குக்கு வேறு பெயர்கள். மருத்துவமனையில் அது 'டயட் ஆர்ட்டிகிள்ஸ்' அல்லது 'டயட்டரி ஐட்டம்ஸ்'. விடுதிகளிலும் பயிற்சி மையங்களிலும் 'புரொவிஷன்ஸ்', 'குரோசரி ஐட்டம்ஸ்'. சிறைத்துறையும் காவல் பயிற்சிப் பள்ளிகளும் 'ரேஷன் ஆர்ட்டிகிள்ஸ்' என்று போடக்கூடும். சில இடங்களில் சமையலையும் சேர்த்து 'கேட்டரிங்' என்று கொடுத்துவிடுவார்கள்; அதில் நேரடியாக நமக்கு வேலையில்லை, ஆனால் எடுப்பவர் யார் என்று பார்த்துவைத்தால் அவருக்கு நாம் சரக்குப் போடலாம். இந்தச் சொற்களையெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழில் அடித்தால் அநேகமாக ஒன்றும் வராது.

எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை. துவரையை 'டூர்' என்று எழுதுபவரும் உண்டு, 'தூர்' என்று எழுதுபவரும் உண்டு, ஓ இரண்டு போடாமல் யூ போடுபவரும் உண்டு. பருப்புக்கான 'தால்' என்ற சொல்லில் எச் போடுவோர் ஒரு கட்சி, போடாதோர் ஒரு கட்சி. நல்லெண்ணெய்க்கு 'ஜிஞ்செல்லி', 'செசமே' என்று இரண்டு பெயர். ஆகவே ஒரே சொல்லோடு நிற்காமல் நான்கைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில் வரும் பன்மை எஸ் எழுத்தை விட்டுவிட்டு அடிப்பது பாதுகாப்பானது. நமது கல்லாப் பக்கத்திலேயே இந்தச் சொற்களை ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவைத்தால், கடைப் பையனே பார்த்துவிடுவான்.

சொல்லை நம்பாமல் அலுவலகத்தைப் பிடித்துத் தேடும் வழியும் உண்டு. நிறுவன வாரியாகவும் இடவாரியாகவும் பார்க்கும் வசதி அதே தளத்தில் இருக்கிறது. நமது ஊரிலிருந்து வண்டி போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி, சிறைச்சாலை, பல்கலைக்கழகம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அவற்றின் பக்கத்தை மட்டும் திறந்து பார்ப்பது நமக்கு அதிகப் பொருத்தம். பொருள் வகையை மட்டும் நம்பக் கூடாது; மளிகைச் சாமானை 'இதர பொருட்கள்' கணக்கில் பதிந்துவிடும் எழுத்தர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் துவரம் பருப்பு, பாமோலின் டெண்டர்களும் தேடலில் வந்து விழும். ஆயிரக்கணக்கான டன் கணக்கு அது. அதைப் பார்த்து மலைத்து, இது நமக்கில்லை என்று கணினியை அணைத்துவிட வேண்டாம். பக்கத்து மருத்துவமனையின் மாதத் தேவை நமது கிடங்கு தாங்கக்கூடிய அளவாகவே இருக்கலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது? 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் 2000இல் வந்த விதிகள்படி, இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேற்பட்டால் 30 நாள். மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்து இதைக் குறைக்கவும் விதியில் இடமுண்டு. ஆக, மாதம் ஒரு முறை பார்ப்பவருக்குப் பாதி அறிவிப்புகள் முடிந்துபோன பிறகுதான் தெரியவரும். வாரம் இரு முறை என்பது சரியான கணக்கு. டெண்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, 'காரிஜெண்டம்' என்ற திருத்த அறிவிப்புப் பகுதியையும் கடைசி நாள் வரை பார்த்துவர வேண்டும். தேதி தள்ளிப்போவதும், அளவு மாறுவதும், மாதிரிப் பொருள் கொடுக்கும் இடம் மாறுவதும் அங்கேதான் வரும். பழைய நிபந்தனையை வைத்துப் புள்ளி போட்டுவிட்டுப் பிறகு முறையிட்டுப் பயனில்லை.

அறிவிப்பு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு உடனே விலை போட்டுவிடவும் கூடாது. முதலில் ஒப்பந்த காலத்தைப் பாருங்கள். ஓராண்டுக்கு ஒரே விலை என்றிருந்தால் பருப்பு வியாபாரிக்கு அது கத்திமேல் நடப்பது போன்றது. 2015 அக்டோபரில் துவரம் பருப்பின் சில்லறை விலை பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அதில் பாதிக்கும் குறைவான விலைக்கு ஆண்டு ஒப்பந்தம் எழுதியவர் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். சரக்கைக் கொடுக்காமல் நின்றால் பிணைத்தொகை போகும், கறுப்புப் பட்டியலில் பெயரும் ஏறலாம். விலை ஏற்ற இறக்கத்துக்கு நிபந்தனை இருக்கிறதா, காலம் மூன்று மாதமா பன்னிரண்டு மாதமா என்பதை விலைக்கு முன்பே பார்க்க வேண்டும்.

முன்வைப்புத் தொகையிலும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மாநில விதிகளின்படி அது மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 20 லட்சம் ரூபாய் டெண்டருக்கு 20,000 ரூபாய்தான் உச்சம். சிறு தொழில் பதிவு இருந்தால் மத்திய அரசு டெண்டர்களில் அதையும் கட்ட வேண்டாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அது உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும் உரிய சலுகை. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு திறந்துவிடப்பட்டது உண்மை. ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே அது தரப்பட்டது. வாங்கி விற்கும் கடைக்காரர் அந்தச் சான்றை நம்பிப் பணம் கட்டாமல் விட்டால், விலை உறையைத் திறக்காமலேயே தள்ளிவிடுவார்கள்.

2016இல் தொடங்கிய 'ஜெம்' என்னும் மத்திய அரசுக் கொள்முதல் சந்தை தனி வழி. அங்கும் நடப்பு ஏலப் பட்டியலைப் பதிவில்லாமல் பார்க்கலாம்; சரக்கு இறக்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும். விற்பனையாளர் பதிவுக்கு அங்கே கட்டணம் கிடையாது. அதே போன்ற பெயரில் தளம் வைத்துப் பதிவுக்கட்டணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நாம் அதிகம் வலியுறுத்த விரும்புவது தளத்தின் மற்றொரு பகுதியை. முடிந்துபோன டெண்டர்களின் நிலையும் முடிவும் அங்கே கிடைக்கின்றன. எத்தனை பேர் புள்ளி போட்டார்கள், யார் தள்ளப்பட்டார்கள், விலை உறை திறந்தபின் யார் என்ன விலை போட்டிருந்தார்கள் என்பதையெல்லாம் பல டெண்டர்களில் பார்க்கலாம். சென்ற ஆண்டு அந்த மருத்துவமனைக்கு உளுந்து என்ன விலைக்குப் போயிற்று என்பதை எடுத்து, அன்றைய சந்தை விலையோடு வைத்துப் பார்த்தால், வண்டிக்கூலிக்கும் பணம் வரும் தாமதத்துக்கும் எதிராளி எவ்வளவு சேர்த்திருந்தார் என்பது புரிந்துவிடும். இரண்டு பேர் மட்டுமே ஆண்டுதோறும் போட்டியிடும் இடங்களும் கண்ணில் படும். புள்ளி போடத் தொடங்குமுன் ஓராண்டு முடிவுகளைப் படித்து ஒரு நோட்டில் எழுதிவருவது, தரகரிடம் பணம் கட்டி டெண்டர் பட்டியல் வாங்குவதைவிட மேல் என்பது நமது கருத்து.

மாநில டெண்டர் ஒன்றில் ஏற்பு ஆணை நமக்குப் பாதகமாக வந்து, அது முறையல்ல என்று தோன்றினால், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். தளத்தில் முடிவு வெளியான பக்கத்தைத் தேதியுடன் அன்றே அச்செடுத்து, டெண்டர் எண்ணுடன் கோப்பில் வைத்துக்கொள்ளவும்.