முகர்ந்து பார்க்காத ரெஃபரன்ஸ்

பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி பூண்டுச் சந்தையில் பெயரைக் கேட்டு மட்டும் யாரும் விலை பேசிவிடுவதில்லை. ஒரு பல்லை உரித்து, நசுக்கி, முகர்ந்த பிறகுதான் பேச்சு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்த பிறகும் அப்படித்தான். ஆனால் அதே பூண்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகளில் சிலர், சாட்ஜிபிடி நீட்டும் ரெஃபரன்ஸை அப்படியே மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

நம்பிக்கை: பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கிறதே, பொய்யாகவா இருக்கும்?

இருக்கலாம். அடிப்படையில் அந்தக் கருவி, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போவது. அதனால் நிஜமான ஜர்னல், அந்தத் துறையில் நிஜமாகவே எழுதுகிற ஒருவர், எவருமே எழுதாத தலைப்பு மூன்றும் ஒரே வரியில் வந்து உட்காரும். இணையத்தில் தேடித் தரும் வசதி வந்த பின்பும் இது முழுதாக நிற்கவில்லை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்து 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். ரெஃபரன்ஸில் உள்ள டிஓஐ எண்ணை இணையத்தில் தட்டிப் பாருங்கள். திறக்கிற கட்டுரை நீங்கள் சொன்னதுதானா என்றும் பாருங்கள்; எண் நிஜம், கட்டுரை வேறு என்பதும் நடக்கிறது.

நம்பிக்கை: சாட்ஜிபிடி உதவி செய்ததே, அதை இணை ஆசிரியராகப் போடுவதுதான் நேர்மை.

2023 ஜனவரியிலேயே நேச்சர், சயின்ஸ் இதழ்கள் இரண்டும் கூடாது என்றுவிட்டன. தப்பு வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. எதற்குப் பயன்படுத்தினோம் என்று கட்டுரையில் எழுதிவிட்டால் போதும்.

நம்பிக்கை: பிளேஜியரிசம் ரிப்போர்ட்டில் 10 சதவீதத்துக்குள் வந்தால் கவலையில்லை.

யுஜிசியின் 2018 விதியில் உள்ள 10 சதவீதம், பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு. ஏஐ எழுதியதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகள் தனி. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை அப்படிப்பட்ட ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று அவை சொல்லின. எளிய சொற்களில் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம்! தமிழ் மீடியத்தில் படித்து, தானாகவே ஆங்கிலம் எழுதப் பழகிய பெரியகுளத்துப் பிள்ளைதான் இதில் முதலில் மாட்டும். ஓப்பன்ஏஐ நிறுவனமே அந்த ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று தன் கருவியை நிறுத்திவிட்டது. இப்படிப்பட்ட கருவி சொல்லும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு கைடு கோபப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் வரைவையும் வயல் நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாமே.

நம்பிக்கை: ஜர்னலில் பெரியவர்கள் படிப்பார்கள், தப்பு இருந்தால் பிடித்துவிடுவார்கள்.

2024இல் எல்செவியரின் 'சர்ஃபேசஸ் அண்ட் இன்டர்ஃபேசஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரையின் முன்னுரை, 'நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஒரு முன்னுரை இதோ' என்ற பொருளில் தொடங்கியது. எழுதியவர்கள், மதிப்பாய்வாளர்கள், பதிப்பாசிரியர் எல்லோரையும் தாண்டித்தான் அந்த முதல் வரி வெளியே வந்தது. பிடித்தது வாசகர்கள்.