கோல்ஃப் வண்டியும் சுப்ரீம் கோர்ட்டும்



கோல்ஃப் பற்றி மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. "டேய், நீ கில்லி ஆடினவன்டா" என்றார்கள். உண்மைதான். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கோல்ஃப் மட்டையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஆட்டத்தில் எழுந்த ஒரு வழக்கைப் படித்தபோது, இது நம்மைப் போல ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று பட்டது. ஆட்டக்காரர் பந்துக்குப் பின்னால் நடந்துதான் போக வேண்டுமா, வண்டியில் போகலாமா? கேள்வி இவ்வளவுதான். இது அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போனது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பந்தை மட்டையால் அடித்து, தூரத்தில் இருக்கிற குழியில் தள்ள வேண்டும். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், நம் கணக்கில் 108 மில்லிமீட்டர். இப்படி 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயித்தார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பந்து விழுந்த இடத்துக்குப் போக வேண்டுமே, அந்த நடைதான் இங்கே விவகாரம். மொத்தம் சுமார் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர்.

ஸ்காட்லாந்தின் கடலோர மணல் நிலத்தில் வளர்ந்த ஆட்டம் இது. அங்கே 1457-லேயே, வில் பயிற்சி கெட்டுப்போகிறது என்று அரசு இதைத் தடை செய்திருக்கிறது. 1764-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 22 குழிகளை 18 ஆக்கினார்கள். அந்தக் கணக்கே பிறகு உலகத்துக்கெல்லாம் ஆகிவிட்டது. அந்தப் பழைய மைதானத்தில் இன்றும் நடந்துதான் ஆடுகிறார்கள். உடம்புக்கு முடியாதவர்களுக்கு மட்டும் வண்டி விலக்கு உண்டு.

மோட்டார் வண்டி பரவியது அமெரிக்காவில், 1950-களில். இ-இசட்-கோ கம்பெனி 1954-ல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் தொடங்கியது. எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்காக ஒரு வரி: ஆறு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஆறை சீரீஸில் இணைத்தால் 36 வோல்ட், அதில் ஒரு டி.சி. மோட்டார். பழைய வண்டிகளின் அடிப்படை இதுதான். பிறகு 48 வோல்ட் வந்தது, இப்போது லித்தியமும் வந்துவிட்டது.

தொடக்கத்தில் அந்த வண்டி நடக்க முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் என்றுதான் வந்தது. அப்புறம் வாடகை வருமானத்தை மைதானக்காரர்கள் பார்த்தார்கள். நன்றாக நடக்கக்கூடியவர்களும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அதோடு கேடி வேலையும் குறைந்தது. கேடி என்றால் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிற ஆள். மட்டைகள் பதினான்கு வரை இருக்கலாம்.

எனக்கு இந்த இடத்தில்தான் மனசு நின்றது. நடப்பது பாரம்பரியம், களைப்பும் ஆட்டத்தில் ஒரு பங்கு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சரி. ஆனால் சுமப்பவன் வேறொருத்தனாயிற்றே! பெரிய போட்டிகளில் ஆட்டக்காரர் வெறுங்கையோடு நடக்கிறார், அதே 8 கிலோமீட்டரைத் தோளில் பையோடு கேடி நடக்கிறார். களைப்புக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் கோப்பையை யாரிடம் கொடுக்க வேண்டும்? மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பிள்ளை இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அதற்காக நடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேடியாக நடந்த பையன்கள்தான் பலர் பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். பென் ஹோகனும் பைரன் நெல்சனும் டெக்சாஸில் ஒரே மைதானத்தில் பை சுமந்த சிறுவர்கள். நம் நாட்டில் 2009-ல் இந்தியன் ஓபன் ஜெயித்த முனியப்பா, பெங்களூரில் கேடியாக இருந்தவர். பணம் கட்டி உள்ளே போக முடியாத பிள்ளைக்கு அந்த ஆட்டத்தில் இருந்த ஒரே கதவு அது. வண்டி வந்தால் அந்தக் கதவு பாதி சாத்திக்கொள்கிறது. நடையைக் காப்பாற்ற இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோர்ட்டில் யாரும் இதை வைத்து வாதாடவில்லை.

இனி வழக்கு. கேசி மார்ட்டின் என்ற அமெரிக்கர் பிறவியிலேயே வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு உள்ளவர். ரத்தம் சரியாக மேலே திரும்பாது. நடந்தால் வீக்கம், வலி. எலும்பும் பலவீனம், எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. ஆனால் அடி சுத்தமான அடி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டைகர் உட்ஸ் இருந்த அதே அணியில் ஆடியவர். பி.ஜி.ஏ. டூர் என்ற தொழில்முறை அமைப்பில் நுழைய அப்போது மூன்று கட்டத் தேர்வு இருந்தது. முதல் இரண்டு கட்டத்தில் எல்லோருக்குமே வண்டி அனுமதி இருந்தது. மூன்றாவதில் இல்லை. மார்ட்டின் வண்டி கேட்டார், மறுத்தார்கள். 1997-ல் அவர் கோர்ட்டுக்குப் போனார். உடல் ஊனமுற்றோருக்காக 1990-ல் அமெரிக்கா போட்ட சட்டம் அவர் கையில் இருந்தது.

1998 பிப்ரவரியில் ஓரிகன் மாநிலத்தில் விசாரணை. ஆர்னால்ட் பாமர், ஜாக் நிக்லஸ், கென் வென்டூரி மூவரும் டூர் பக்கம் சாட்சி சொன்னார்கள். வென்டூரிக்கு அதைச் சொல்லத் தகுதி இருந்தது. 1964 அமெரிக்க ஓபனில் கடைசி நாள் கடும் வெயிலில் 36 குழி ஆடி, விழுந்துவிடுவாரோ என்று டாக்டரே கூட நடக்க, ஜெயித்தவர் அவர்.

எதிர்ப்பக்கம் ஒரு உடலியல் பேராசிரியர் கணக்கோடு வந்தார். 5 மைலை ஆட்டக்காரர் ஒரே மூச்சில் நடப்பதில்லை, ஐந்து மணி நேரத்தில் நின்று நின்று நடக்கிறார். செலவாகும் சக்தி சுமார் 500 கலோரி. வெயிலில் ஆளைச் சாய்ப்பது நடையைவிட உடம்பில் நீர் இழப்புதான் என்றார். இதை நாமே போட்டுப் பார்க்கலாம். உணவுக் கணக்கில் கலோரி என்றால் கிலோகலோரி. 500-ஐ 4.18-ஆல் பெருக்கினால் 2,090 கிலோஜூல். 3,600-ஆல் வகுத்தால் 0.58 யூனிட். ஒரு 100 வாட் குண்டு பல்பை ஐந்து மணி நேரம் எரியவிட்டால் அரை யூனிட் ஆகும். அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வேகமும் அப்படித்தான், மணிக்கு 1.6 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜுக்கு நாம் நடக்கிற வேகத்தில் பாதிகூட இல்லை.

அதோடு, வண்டி இருந்தாலும் வண்டியிலிருந்து பந்துக்கும் பந்திலிருந்து வண்டிக்குமாக மார்ட்டின் ஒரு மைலுக்கு மேல் நடந்தே ஆக வேண்டும். அந்தக் காலோடு அவர் படும் களைப்பு, நல்ல காலோடு முழுதும் நடப்பவர் களைப்பைவிட அதிகம் என்று நீதிபதி முடிவு செய்தார். தீர்ப்பு மார்ட்டின் பக்கம்.

டூர் விடவில்லை. 2001 மே 29-ல் சுப்ரீம் கோர்ட் ஏழுக்கு இரண்டு என்று மார்ட்டினுக்கே தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார்: ஆட்டத்தின் உயிர் அடியில் இருக்கிறது. பொதுவான கோல்ஃப் விதிகளில் வண்டிக்குத் தடையே இல்லை, இது டூர் தனியாகச் சேர்த்த நிபந்தனை. ஒரு விலக்கை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். அது ஆட்டத்தின் அடிப்படையையே மாற்றுகிறதா? இல்லை, கேட்டவருக்கு மற்றவரைவிட அதிக லாபம் தருகிறதா? முதலாவதற்கு உதாரணமாகக் குழியின் விட்டத்தை மூன்று அங்குலத்திலிருந்து ஆறாக்குவதைச் சொன்னார். குழி நாலேகால் அங்குலம் என்று மேலே படித்தோம். அளவு தப்பு! நம் மெட்ராலஜி சார் பார்த்திருந்தால் மார்க் குறைத்திருப்பார்.

இதை நம் ஃபிட்டிங் ஷாப்பில் வைத்துப் பாருங்கள். அரம் போடும்போது நின்றுகொண்டுதான் போட வேண்டும் என்பது விதி. காரணமில்லாத விதி இல்லை. உடம்பின் எடை அரத்தில் விழ வேண்டும், கை நேராகப் போக வேண்டும். என் பேட்ச்சில் ஒருவனுக்குச் சின்ன வயதில் லாரி விபத்தில் கால் போய்விட்டது. செயற்கைக் காலோடு மூன்று மணி நேரம் நிற்க முடியாது. அவனுக்கு உயரமான ஸ்டூல் ஒன்று கொடுத்தார்கள். "அவனுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். சார் பதில் பேசவில்லை. அவன் ஜாபை எடுத்து, ட்ரை ஸ்கொயரை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இடைவெளியில் வெளிச்சம் தெரியவில்லை. முணுமுணுத்தவர்கள் ஜாபில் தெரிந்தது.

இருந்தாலும் எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா சொன்னதையும் தள்ளிவிட முடியாது. எல்லா விளையாட்டு விதியும் மனிதர்கள் தாமே வகுத்துக்கொண்டதுதான், அதில் எது உயிர், எது உயிரில்லை என்று பிரிக்கக் கோர்ட் யார் என்று கிண்டலாகவே கேட்டார். எனக்குப் பதில் தோன்றுவது ஒன்றுதான்: டூர் தன் முதல் இரண்டு கட்டத் தேர்வில் எல்லோருக்கும் வண்டி கொடுத்தது, மூத்தோர் போட்டிகளிலும் கொடுத்தது. தானே விட்டுக்கொடுத்ததை உயிர் என்று எப்படிச் சொல்வது?

ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்க்கச் சொன்ன தீர்ப்பு இது. அதனால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2019-ல் ஜான் டேலிக்கு முழங்கால் தேய்மானம் என்று பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் வண்டி கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து வட அயர்லாந்தில் நடந்த ஓபன் போட்டியில், நடை ஆட்டத்தின் அங்கம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். டேலி விலகிக்கொண்டார். அவர் விஷயத்தில் என் மனசு இன்னும் இரண்டு பக்கமும் போகிறது.

மார்ட்டின், வழக்கு நடந்துகொண்டிருந்த 1998-லேயே வண்டியோடு அமெரிக்க ஓபனில் ஆடி 23-ம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2006 முதல் ஓரிகன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார், 2016-ல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. 2021-ல் அந்த வலது காலை எடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு வண்டி கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று சாட்சிக் கூண்டில் பயந்தார்களே, அது மட்டும் நடக்கவில்லை. பி.ஜி.ஏ. டூரில் மற்றவர்கள் இன்றும் நடந்துதான் ஆடுகிறார்கள், கேடி பக்கத்தில் பையோடு.