நச்சுமுறி மருந்தின் ஆற்றல்

பாம்பின் நஞ்சினைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே நச்சுமுறி மருந்து ஆக்கப்பெறுகிறது என்பதை நாம் அறிவோம். ஆயின் அதன் ஆற்றலை அளப்பது எங்ஙனம்?

குறித்த அளவு நஞ்சுடன் வெவ்வேறு அளவு மருந்தைக் கலந்து, 37 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்துச் சுண்டெலிகளுக்கு ஊசி வழியே ஏற்றுவர். பாதி எலிகள் பிழைக்கும் மருந்தளவே கணக்கிற்கு அடிப்படை. எலியின் சாவைக் கொண்டு மனிதனின் வாழ்வை எண்ணும் கணக்கு! இந்திய மருந்து ஒரு மில்லிலிட்டர், நாகம், கண்ணாடிவிரியன் நஞ்சில் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் நஞ்சில் 0.45 மில்லிகிராமையும் முறித்தல் வேண்டும்.

எவ்விடத்துப் பாம்பின் நஞ்சு என்பதே நம் வினா. இந்நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலமாக வழங்கி வந்தது, 1978இல் தொடங்கிய தமிழக இருளர் கூட்டுறவுச் சங்கம். ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரந்தோறும் வேறுபடுமாதலின், இங்குத் தேறிய மருந்து வடமேற்கு மாநிலங்களில் கடியுண்டார்க்குப் போதாமற் போகக்கூடும்.